நான்கு வயதுக் குழந்தை பல் சிகிச்சைக்கு வாயைத் திறக்க மறுத்தால்: பிடித்து வைப்பதா, மயக்கம் கொடுப்பதா, காத்திருப்பதா?

உங்கள் மகனுக்கு நான்கு வயது, எடை பதினாறு கிலோ. கீழ்த்தாடையில் இரண்டு பால் கடைவாய்ப் பற்களில் சொத்தை. மருத்துவர் பல்லைத் தொட முயன்றபோது அவன் அழுது, தலையைத் திருப்பி, வாயை இறுக மூடிக்கொண்டான். 'நீங்களும் உதவியாளரும் கை கால்களைப் பிடித்துக்கொண்டால் இன்றே முடித்துவிடலாம்; இல்லையென்றால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்' என்று அவர் சொன்னதாகவும், எதற்கும் மனம் ஒப்பாமல் வீடு திரும்பிவிட்டதாகவும் எழுதி, இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பற்கள் இன்னும் எவ்வளவு காலம் பொறுக்கும் என்பது ஒன்று. அந்தக் காலத்துக்குள் அவனைச் சிகிச்சைக்குப் பழக்கிவிட முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை கிடைக்காத வரையில் இரண்டாவதற்கு யாரும் சரியான விடை சொல்ல முடியாது. நான் குழந்தைப் பல் மருத்துவத்தில் பயிற்சி பெற்று, பல ஆண்டுகளாக இதே வயதுக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்துவருபவன். ஆனால் உங்கள் மகனையோ அவனுடைய எக்ஸ்ரே படத்தையோ பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் கொண்டு இதைப் படியுங்கள்.

பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடும் என்ற எண்ணம் இங்கே உதவாது. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும் என்பது உண்மை. கடைவாய்ப் பால் பற்கள் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அதற்குள் அவற்றைப் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கி நகர்ந்து, பின்னால் முளைக்கும் நிலையான பல்லுக்கு இடம் குறையலாம். பால் பல்லின் மேற்பூச்சு மெல்லியது, உள்ளே இருக்கும் நரம்புக்கூழ் பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது; ஆகவே சொத்தை உள்ளே இறங்கப் பெரியவர்களின் பல்லில் ஆவதைவிடக் குறைந்த காலமே ஆகும். இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் மட்டும் வலித்து, உடனே நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் கால அவகாசம் இருக்கிறது. காரணமே இல்லாமல் வலி வருவது, இரவில் வலியால் விழித்து அழுவது, ஈறில் சிறு சீழ்க் கொப்புளம் தோன்றுவது ஆகியவை நரம்புக்கூழ் வரை கிருமி சென்றுவிட்டதன் அடையாளங்கள். அப்போது அவகாசம் சில நாட்கள்தான். கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமப்பட்டால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே பயத்தைப் போக்கும் பேச்சுக்கு நேரமில்லை. வலி இல்லை என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் பல்லின் நரம்பு சத்தமில்லாமல் இறந்துபோவது உண்டு. சொத்தையின் ஆழத்தை எக்ஸ்ரே இல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம்.

எக்ஸ்ரேயில் நரம்புக்கூழ் பாதிக்கப்படவில்லை என்று தெரிந்தால், உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு வழிகளுக்கும் நடுவில், துளையிடும் கருவியும் ஊசியும் தேவைப்படாத வேறு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற திரவம். பல்லை உலர்த்தி, நுண்ணிய தூரிகையால் சொத்தையின்மேல் ஒரு நிமிடம்போலத் தடவினால், பெரும்பாலான சொத்தைகள் அந்த நிலையிலேயே கெட்டிப்பட்டு நின்றுவிடும். 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், எல்லாச் சொத்தையும் நின்றுவிடாது, சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டியிருக்கும், வெள்ளிக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் நரம்பு பாதித்த பல்லுக்கும் இது கூடாது. கடைவாய்ப் பல்லின் கறுப்பு பேசும்போது அவ்வளவாகத் தெரியாது என்பதால் பல பெற்றோர் ஒப்புக்கொள்கிறார்கள். மற்றொன்று ஹால் முறை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் நோர்னா ஹால் தம் நோயாளிகளுக்குப் பயன்படுத்திவந்த எளிய வழி இது. சொத்தையைச் சுரண்டி எடுக்காமலே, பல்லின்மேல் ஆயத்தமாகக் கிடைக்கும் உலோகத் தொப்பி ஒன்றைச் சிமெண்ட் வைத்துப் பொருத்திவிடுவார். உணவு கிடைக்காத கிருமிகள் உள்ளேயே செயலிழந்துபோகும். தொடக்கத்தில் ஐயத்தோடு பார்க்கப்பட்ட இந்த முறையைப் பற்றி 2006 முதல் வெளிவந்த ஆய்வுகள், சாதாரணமாக அடைத்த பால் பற்களைவிட இப்படித் தொப்பி போட்ட பற்களில் பின்னால் வலியும் சீழும் குறைவு என்று காட்டியுள்ளன. பற்களுக்கு இடையே நெருக்கம் இருந்தால் சில நாட்களுக்கு முன்பே சிறு ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்குவார்கள். தொப்பி போட்டதும் கடி சற்று உயர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் தானாகச் சரியாகும்; அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்த முறை செல்லும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த இரண்டில் ஏதாவது என் மகனின் பல்லுக்குப் பொருந்துமா என்பதுதான் என்று நினைக்கிறேன். எல்லா மருத்துவர்களும் இவற்றைச் செய்வதில்லை. குழந்தைப் பல் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவரிடம் இன்னொரு கருத்துக் கேட்பதில் தவறில்லை.

இனி அவனுடைய பயத்துக்கு வருவோம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை பல் மருத்துவரின் நாற்காலியில் அமைதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே சரியில்லை; அந்த வயதில் தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் சேர்த்து உட்கார்ந்து, குழந்தையின் தலையை மருத்துவரின் மடியில் சாய்த்துப் பார்ப்பார்கள், குழந்தை அழத்தான் செய்யும், அழும்போது வாய் திறந்திருப்பதால் பார்க்கவும் எளிது. நான்கு வயது ஓர் எல்லைக்கோடு. சிறு வாக்கியங்கள் புரியும், கதை பிடிக்கும், பாராட்டு பிடிக்கும். ஆனால் 'இப்போது கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் பிற்காலத்தில் நல்லது' என்ற வாதம் அவனிடம் எடுபடாது. குழந்தை எவ்வளவு ஒத்துழைத்தது என்று குறிக்க, 1962இல் ஃபிராங்கிள் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த நான்கு படி அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். அது அன்றைய தினத்தின் நடத்தையை மட்டுமே குறிக்கிறது. முதல் நாள் கடைசிப் படியில் இருந்த குழந்தை நான்காவது சந்திப்பில் மேல் படிக்கு வருவதைத் தொழிலில் அடிக்கடி பார்க்கிறோம். ஆகவே கோப்பில் 'ஒத்துழைக்காத குழந்தை' என்று எழுதப்பட்டிருந்தால் அதை அவனுடைய குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிடப் பயனுள்ள தகவல் ஒன்று உங்களிடம் இருக்கிறது: சரியாக எந்தக் கணத்தில் அவன் அழத் தொடங்கினான்? நாற்காலி பின்னால் சாய்ந்தபோதா, முகத்தில் வெளிச்சம் விழுந்தபோதா, கருவியின் சத்தம் கேட்டபோதா, ஊசியைக் கண்டபோதா, அல்லது வாசலிலேயேவா? மல்லாந்து படுப்பதற்குப் பயப்படும் குழந்தையை உங்கள் மடியில் சாய்த்து வைத்தே பல வேலைகளை முடித்துவிடலாம். சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்குச் சத்தமில்லாத முறையைத் தேர்ந்துகொள்ளலாம். பயத்தின் இடம் தெரிந்தால் பாதி வேலை எளிதாகிறது.

பழக்கும் முறைகளில் மிகப் பழையதும் இன்றும் முதலிடத்தில் இருப்பதும், 1959இல் அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் விவரித்த 'சொல், காட்டு, செய்' என்ற வரிசை. சுழலும் தூரிகையைப் பற்றி முதலில் குழந்தைக்குப் புரியும் சொற்களில் சொல்வோம். பிறகு அதை அவனுடைய விரல் நகத்தில் ஓடவிட்டுக் காட்டுவோம். பிறகு சொன்ன அதே வேலையை, சொன்ன அளவுக்கு மட்டும், பல்லில் செய்வோம். இதன் பலம் முழுவதும் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஐந்து எண்ணும் வரை என்று சொல்லிவிட்டுப் பத்து வரை நீட்டினால் அதுவரை சேர்த்த நம்பிக்கை அத்தனையும் போய்விடும். இதோடு சேர்த்து, இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று ஒரு சைகையும் சொல்லிக்கொடுப்போம். முதல் சில நிமிடங்களில் குழந்தை பலமுறை கையைத் தூக்கிச் சோதித்துப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே நிறுத்தினால், பிறகு தூக்குவது குறைந்துவிடும். பாராட்டும் குறிப்பானதாக இருக்க வேண்டும்: 'நல்ல பையன்' என்பதைவிட 'வாயை எவ்வளவு பெரிதாகத் திறந்தாய்' என்பது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வேலைகளின் வரிசையும் முக்கியம். முதல் சந்திப்பில் நாற்காலியில் ஏறி இறங்கி, கண்ணாடியால் பற்களை எண்ணுவதோடு நிறுத்தலாம். அடுத்ததில் சுத்தம் செய்தல். அதற்கடுத்ததில் திரவம் தடவுதல் அல்லது தொப்பி. வலியில்லாத சில சந்திப்புகளைக் கண்ட குழந்தைக்குப் பின்னால் ஒரு வலி நேர்ந்தாலும், அது நிலையான அச்சமாக மாறும் வாய்ப்புக் குறைவு என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. சிகிச்சை எதுவும் தேவைப்படாத நாளிலேயே, முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை எளியவை, ஆனால் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடு நேர்மாறாகச் செய்துவிடுகிறார்கள். 'வலிக்கவே வலிக்காது', 'ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவனுடைய காதில் விழுவது வலி என்ற சொல் மட்டும்தான், வாக்குப் பொய்த்தால் அடுத்த முறை நீங்கள் சொல்வதையும் நம்ப மாட்டான். 'சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்' என்று வீட்டில் யாரும் மிரட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டி, தாத்தா, அத்தை எல்லோருக்கும் இது பொருந்தும். பெரிய பரிசை முன்கூட்டியே அறிவிப்பதும் கெடுதல், ஏதோ பெரிய ஆபத்து வருகிறது என்றே குழந்தை புரிந்துகொள்ளும். முடிந்த பிறகு சின்னதாக ஒன்று கொடுப்பதில் தவறில்லை. போகப்போகும் செய்தியை முந்தின நாளோ அன்று காலையோ சொன்னால் போதும், ஒரு வாரம் முன்னால் சொன்னால் ஒரு வாரமும் அவன் அதையே சுமப்பான். தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் குறுகிய சந்திப்பாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்: பெற்றோரின் பல் பயத்துக்கும் குழந்தையின் பல் பயத்துக்கும் உள்ள தொடர்பு, குறிப்பாக எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம், பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கே அந்த நாற்காலி பயமென்றால், பயமில்லாத இன்னொருவர் அவனோடு உள்ளே போகட்டும்.

பெற்றோர் சிகிச்சை அறைக்குள் இருக்கலாமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் விடை தரவில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கண் எட்டும் இடத்தில் பெற்றோர் இருப்பதையே நான் விரும்புகிறேன். ஆனால் பேசுவது மருத்துவர் ஒருவராக இருக்க வேண்டும். 'வாயைத் திற, கண்ணா' என்று மூன்று பேர் மூன்று பக்கமிருந்து சொன்னால் குழந்தை ஒருவர் சொல்வதையும் கேட்காது. கூரையில் திரை வைத்துப் படம் காட்டுவது, கண்முன்னே படம் ஓடும் மெய்நிகர் கண்ணாடியை அணிவிப்பது போன்ற கவனத் திருப்பல்களுக்கு ஆய்வுகள் பல இருந்தாலும் பெரும்பாலானவை சிறியவை, உறுதி குறைந்தவை. தீங்கில்லாத வழி என்பதால் பயன்படுத்தலாம், அதை மட்டும் நம்பி ஊசிக்குப் போக வேண்டாம்.

நரம்பு பாதித்திருந்து மரத்துப்போகும் ஊசி தேவை என்றால், ஈறை உலர்த்தி, அதன்மேல் பூசும் மரப்பு மருந்தை ஒன்று இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, மிக மெதுவாகச் செலுத்தினால் வலி வெகுவாகக் குறையும். அந்த ஊசியில் வழக்கமாக இருக்கும் லிடோகெயின் என்ற மரப்பு மருந்தின் உச்ச அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.4 மி.கி. என்பது அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகத்தின் வரையறை. வழக்கமான 2 சதவீத மருந்துக் குழாய் ஒன்றில் 36 மி.கி. இருக்கும், உங்கள் மகனின் பதினாறு கிலோவுக்கு உச்ச அளவு சுமார் 70 மி.கி., அதாவது இரண்டு குழாய்க்கும் சற்றுக் குறைவு. வாய் முழுவதையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு உதடு சில மணி நேரம் மரத்திருக்கும். விளையாட்டாகக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள் ஏராளம். மறுநாள் உதட்டில் தெரியும் அந்த வெண்மையான புண்ணைச் சீழ் என்று நினைத்துப் பலர் ஓடிவருகிறார்கள். அது தானாக ஆறிவிடும்.

சிரிப்பு வாயு என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, 1844இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் முதன்முதலாகத் தம் தொழிலில் பயன்படுத்தியது. ஆக்சிஜனோடு கலந்து, பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மிகாமல் மூக்கு வழியாகக் கொடுப்பார்கள். குழந்தை விழித்திருக்கும், பேசும், பயம் மட்டும் தளர்ந்திருக்கும். கடைசியில் சில நிமிடம் தனி ஆக்சிஜன் கொடுத்தால் விரைவில் தெளிந்துவிடும். ஆனால் மூக்கில் வைத்த மூடியை ஏற்றுக்கொண்டு மூச்சிழுக்கும் குழந்தைக்குத்தான் அது வேலை செய்யும். வீறிட்டு அழும் குழந்தைக்குப் பயன்படாது. உங்கள் மகன் இரண்டு மூன்று பழக்கச் சந்திப்புகளுக்குப் பின் அதற்குத் தயாராகலாம். பதற்றத்தைத் தணிக்க வாய்வழியாகக் கொடுக்கும் மிடசோலம் என்ற மருந்து ஒத்துழைப்பைக் கூட்டுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. இருந்தாலும் சில குழந்தைகள் அதைக் குடித்து அமைதியாவதற்கு மாறாக எரிச்சலடைந்து துள்ளுவார்கள், அதை முன்கூட்டிக் கணிக்க வழியில்லை. வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரம், இரத்தத்தில் ஆக்சிஜனைக் காட்டும் கருவி, மூச்சை மட்டும் கவனிக்கத் தனியாகப் பயிற்சி பெற்ற ஒருவர், அவசர நிலைக்கான மருந்துகள் ஆகியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். பல்லைப் பார்ப்பவரே மூச்சையும் பார்த்துக்கொள்வார் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முழு மயக்கத்தைப் பெற்றோரின் தோல்வியாகப் பலர் நினைத்து வருந்துகிறார்கள், அதற்குக் காரணமில்லை. எட்டுப் பத்துப் பற்கள் கெட்ட குழந்தைக்கும், கடும் தொற்று உள்ள குழந்தைக்கும், வளர்ச்சி சார்ந்த காரணங்களால் தொடுதலையும் சத்தத்தையும் தாங்க இயலாத சில குழந்தைகளுக்கும் அதுவே மிகவும் மனிதத் தன்மையுள்ள வழி. மூளை வளர்ச்சி பற்றிய பயத்தைப் பொறுத்தவரை, 2016இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட எச்சரிக்கை மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ பலமுறையோ கொடுப்பதைப் பற்றியது. கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கம் பெற்றவர்களை ஐந்து வயதில் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. அதில் அறிவுத்திறனில் வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பயம் ஒருபுறம் இருக்க, இரண்டே பற்கள், நரம்பு பாதிப்பு இல்லை, கால அவகாசம் உண்டு என்றால், மயக்கத்தை நான் முதல் வழியாக எடுக்க மாட்டேன். மயக்கத்தில் பற்கள் சரியாகும். நாற்காலிக்குப் பழகுவது அப்படியே பாக்கி நிற்கும்.

கைகால்களைப் பிடித்துச் செய்வது பற்றி நாட்டுக்கு நாடு, மருத்துவருக்கு மருத்துவர் கருத்து வேறுபடுகிறது, ஆகவே இங்கே நான் சொல்வதில் என் தீர்ப்பும் கலந்திருக்கிறது. நீங்கள் அணைத்து மடியில் வைத்துக் கையைப் பற்றிக்கொள்வது ஆறுதல். அவன் திமிறத் திமிற நான்கு பேர் அழுத்திப் பிடிப்பது வேறு. விழுந்து அடிபட்டுத் தொங்கும் பல்லையோ, வீக்கத்துக்குக் காரணமான பல்லையோ, மரப்பு ஊசி போட்டு ஓரிரு நிமிடத்தில் எடுக்க வேண்டியிருக்கையில் பிடிப்பதை நான் ஏற்கிறேன். அப்போதும் ஏன், எவ்வளவு நேரம் என்று விளக்கி, எழுத்தில் உங்கள் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், நிறுத்துங்கள் என்று நீங்கள் சொன்னால் நிறுத்த வேண்டும். சில வாரங்கள் பொறுக்கக்கூடிய சொத்தையை அடைப்பதற்காக அப்படிச் செய்வதை நான் ஏற்கவில்லை. ஒரு காலத்தில் கத்தும் குழந்தையின் வாயைக் கையால் பொத்துவதும் பாடத்தில் இருந்தது. 2006இல் அமெரிக்கக் கழகம் தன் வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்கியது. பிடித்துச் செய்த ஒரே காரணத்தால் பிற்காலத்தில் பயம் நிலைக்கிறது என்பது உறுதியாக நிறுவப்பட்டதில்லை. பல் பயம் உள்ள பெரியவர்கள் பலர் குழந்தைப்பருவ அனுபவத்தையே காரணமாகச் சொல்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் பயத்தோடு வளர்ந்தவருடைய நினைவு அந்தப் பயத்தாலேயே மாறியிருக்கவும் கூடும்.

அவனுடைய முதல் அனுபவம் கசந்துவிட்டதால், அடுத்த சந்திப்பை ஒன்றிரண்டு வாரம் தள்ளி, எதுவும் செய்யாத சந்திப்பாகவே கேளுங்கள். அதற்குள் ஒருமுறையாவது, அன்று அவன் எதைத் தைரியமாகச் செய்தான் என்று உண்மையான ஒன்றைத் தேடி எடுத்து, நாற்காலியில் தானே ஏறினான் என்பதாகவே இருந்தாலும், அவனையே சொல்ல வையுங்கள். மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகும் கண்ணாடியைக்கூட வாய்க்குள் விடவில்லை என்றால், அல்லது இடையில் இரவு வலி தொடங்கிவிட்டால், பழக்குவதை அங்கேயே நிறுத்திவிட்டு மயக்க மருத்துவரோடு பேசத் தொடங்கலாம். அதுவரை சொத்தை வேகமாக இறங்காமலிருக்க, 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அல்லது அதற்கு மேல் ஃப்ளூரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பெரியவர் ஒருவரே தேய்த்துவிட வேண்டும்; தேய்த்த பின் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம், அதன்பின் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்க வேண்டாம். தேய்க்கும்போது அவனை உங்கள் மடியில் தலை வைத்து மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். மேல் பற்கள் நன்றாகத் தெரியும், ஐந்து எண்ணும் வரை வாயைத் திறந்து வைத்திருக்கவும் கையைத் தூக்கினால் நீங்கள் நிறுத்தவும் நாளுக்கு இரண்டு முறை பழகிக்கொள்வான்.